கீரையில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவது எப்படி: ஓஹிதாஷி பற்றி ஒரு பதில்

ஒசாகாவுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆன ஒருவரின் கேள்வி இது: "ஹோரென்சோ (ஸ்பினாச் கீரை) ஓஹிதாஷியை (வேகவைத்துச் சாற்றில் ஊறவைக்கும் தொடுகறி) வீட்டில் நாலைந்து முறை செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தின் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்குகிறது. கீரையில் சுவையே ஏறுவதில்லை. ஷோயுவைக் (சோயா சாஸ்) கூட்டினால் உப்புக் கரிக்கிறது. அலுவலக உணவகத்தில் சாப்பிடுவது போல் ஏன் வருவதில்லை? நான் சைவம். மீன் சேர்க்காததுதான் காரணமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சொல்வதா வேண்டாமா என்று சற்று யோசித்தேன், சொல்லாமல் விடுவது சரியல்ல. நீங்கள் அலுவலக உணவகத்தில் விரும்பிச் சாப்பிட்ட ஓஹிதாஷியில் பெரும்பாலும் மீன் இருந்திருக்கும். துண்டாக இருந்திருக்காது, ஊறிய சாற்றில் இருந்திருக்கும். இங்கே தாஷி என்றாலே பொதுவாகக் கொம்பு என்ற கடற்பாசியும், கட்சுவோபுஷி என்ற உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனின் சீவலும் சேர்த்து வடித்த சாறுதான். கடைகளில் பெட்டியில் விற்கும் தொடுகறிகளும் அப்படியே. இனி கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஆனால் உங்கள் கீரை தண்ணீர் விட்டுக்கொள்வதற்கும் மீனுக்கும் தொடர்பே இல்லை. மீனே தொடாத சமையல் இந்த நாட்டின் பௌத்த மடாலயங்களில் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. கோயாசான் மடங்களிலும் எய்ஹெய்ஜியிலும் கொம்புவும் உலர்ந்த ஷீதாகே காளானும்தான் தாஷிக்கு ஆதாரம். பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

ஓஹிதாஷி என்ற பெயரிலேயே செய்முறை இருக்கிறது. ஹிதாசு என்றால் ஊறவைத்தல். முன்னால் நிற்கும் 'ஓ' மரியாதைக்கு. நீங்கள் செய்தது, வேகவைத்த கீரையின் மேல் ஷோயு ஊற்றுவது. அவசரத்துக்குப் பல ஜப்பானிய வீடுகளிலும் அதையே செய்கிறார்கள், குற்றமில்லை. ஆனால் ஊறவைப்பது என்றால் கீரைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாஷியைக் குடியேற்றுவது. பழைய தண்ணீர் காலி செய்யாத வீட்டில் தாஷி எப்படி நுழையும்? வெளியே நின்று உப்பாகக் கரிக்கும்; உப்புப் பட்டதும் உள்ளேயிருக்கும் தண்ணீர் கசிந்து கிண்ணத்தில் தேங்கும். உங்கள் இரண்டு புகார்களுக்கும் காரணம் இது ஒன்றே.

கீரை வாங்குவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோரென்சோ ஆண்டு முழுவதும் கிடைக்கும், ஆனால் குளிர்காலத்துக் கீரையின் இனிப்பு கோடையில் வராது. குளிரில் உறையாமல் தப்பிக்கச் செடி தனக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 'சிஜிமி ஹோரென்சோ' என்று, இலை சுருங்கிச் சப்பையாகப் படர்ந்த கட்டு கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். வேரடி சிவந்திருக்கும் கட்டாகப் பாருங்கள். அந்தச் சிவப்பை வெட்டி எறியாதீர்கள், கட்டிலேயே இனிப்பான இடம் அதுதான். வேர் நுனியை மட்டும் சீவிவிட்டு, தண்டின் அடியில் கூட்டல் குறி போல் கத்தியால் கீறி, பத்து நிமிடம் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். மண் தானாக இறங்கும், வாடிய இலையும் நிமிரும். ஒரு செடியின் தண்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டாம், அடியில் ஒட்டியே இருக்கட்டும்.

(ஹோரென்சோ என்ற சொல்லை அலுவலகத்திலும் கேட்டிருப்பீர்களே? ஹோகோகு, ரென்ராகு, சோதான்: அறிக்கை கொடு, தகவல் சொல், ஆலோசனை கேள். மூன்றின் முதலெழுத்துகளையும் சேர்த்தால் கீரை. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்தில் ஊட்டப்படும் கீரை அது.)

இனி வேகவைப்பது. பெரிய பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் 20 கிராம் உப்பு. கொதி தளதளவென்று வரும்போது கீரையை இலைப் பக்கம் பிடித்துக்கொண்டு தண்டை மட்டும் இறக்கி இருபது, முப்பது வினாடி நிறுத்துங்கள். பிறகு முழுவதையும் உள்ளே விடுங்கள், இன்னொரு முப்பது வினாடி போதும். மூடி போடக் கூடாது. கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு போகாமல் தண்ணீரிலேயே தங்கினால் பச்சை மங்கிப் பழுப்பாகும். 200 கிராம் கட்டை ஒரேயடியாகப் போடாமல் இரண்டு தவணையாகப் போடுங்கள்; மொத்தமாகப் போட்டால் கொதி அடங்கிவிடும், கீரை வேகாமல் ஊறிக்கொண்டிருக்கும். எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை ஒருமுறை மாற்றுங்கள். சூடு ஆறும் வரை இருந்தால் போதும். அரை மணி நேரம் மறந்துவிட்டால் சுவையும் தண்ணீரோடு போய்விடும்.

கீரை வெந்த தண்ணீரைக் கொட்டுவதா என்று நம் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மனம் பதறும். ஆனால் கொட்டத்தான் வேண்டும். ஹோரென்சோவில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். தின்றபின் பல்லில் சுண்ணாம்பு தடவியது போல் நறநறப்பது அதனால்தான். ஜப்பானியர்கள் இந்தக் கரகரப்பையும் கசப்பையும் அக்கு என்பார்கள். அது தண்ணீரில் கரைந்து போகக்கூடியது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் கொட்டியே ஆக வேண்டும். சாம்பாரில் ஊற்ற எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது பிழிவது. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் சாகாய் நகரத்தில் நான் முதலில் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பாட்டி. நான் ஈரத் துணியை முறுக்குவது போல் கீரையை உருண்டையாக்கி முறுக்கிக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் பச்சைச் சாறு வழிந்தது. பாட்டி பார்த்துவிட்டு "கவாய்சோ" என்றார். பாவம் என்று பொருள். என்னைச் சொன்னாரா கீரையைச் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது. என் கையிலிருந்து வாங்கி, தண்ணீரிலேயே மிதக்கவிட்டு வேரடிகளை ஒரு பக்கமாகச் சேர்த்தார். தலை சீவிவிடுவது போல் இலைகள் ஒரே திசையில் படிந்தன. அப்படியே தூக்கி, வேரடிப் பக்கம் இடது கையால் பிடித்து, வலது உள்ளங்கையால் மேலிருந்து கீழே மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். முறுக்கவில்லை. தண்ணீர் இலை நுனி வழியாக இறங்கியது, முதலில் ஒழுக்காக, பிறகு சொட்டாக. பிறகு சுஷி சுருட்டும் மூங்கில் பாயில் வைத்துச் சுருட்டி, இரு கையாலும் பாயின் மேல் நாலைந்து இடத்தில் அழுத்தினார். பிரித்தபோது கீரை ஒரு நேரான தடியாக இருந்தது, ஒரு இலை கிழிந்திருக்கவில்லை.

முறுக்கினால் என்ன கெடுதி? இலையின் நார் உடைந்து, தண்ணீரோடு கீரையின் சாரமும் போய்விடும், மிஞ்சுவது சக்கை. அழுத்தம் போதாவிட்டால் உங்கள் வீட்டுக் கிண்ணம். நடுவில் எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கம்தான், ஆனால் கை பழகும் வரை தராசு இருக்கிறது. 200 கிராம் பச்சைக் கீரை வெந்து பிழிந்தபின் ஏறக்குறைய 140 கிராம் நிற்க வேண்டும். 170 காட்டினால் இன்னும் அழுத்துங்கள். 120க்கு வந்துவிட்டதென்றால் அடுத்த முறை கையைத் தளர்த்துங்கள்.

இதற்குப் பிறகுதான் பலரும் தாண்டிப் போய்விடும் படி: ஷோயு-அராய், அதாவது ஷோயுவில் அலசுவது. பிழிந்த கீரையை மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, மேலே ஒரு தேக்கரண்டி ஷோயுவைத் தெளித்து விரலால் லேசாகக் கலந்து, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் மெதுவாகப் பிழிந்துவிடுங்கள். கையால் எவ்வளவு பிழிந்தாலும் வராத தண்ணீரை அந்தக் கொஞ்சம் உப்பு வெளியே இழுத்துவிடும்; போகிற போக்கில் அடிச்சுவை ஒன்றும் ஏறிவிடும். பிழிந்த ஷோயுவைக் கொட்டிவிடுங்கள், அதில் கீரைத் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு தேக்கரண்டி ஷோயு வீணாகிறதே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அந்த ஒரு கரண்டியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நீங்கள் கடைசியில் மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி தாஷி. கொம்பு என்றதும் ஊரிலிருந்து வந்த என் அத்தை "எந்த மாட்டின் கொம்பு?" என்றுதான் கேட்டார். அகலமான, தடித்த, கரும்பச்சை நிறப் பாசி இது. பெரும்பகுதி ஹொக்கைதோ கடலில் விளைவது. கப்பல்கள் ஜப்பான் கடலோரமாக அதை ஒசாகாவுக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சமையலில் கொம்புவின் கை ஓங்கியிருக்கிறது; கத்திக்குப் பேர்போன சாகாய், கொம்புவை இழை இழையாகச் சீவும் தொழிலுக்கும் பேர்பெற்றது. ரிஷிரி, ராஉசு, மா-கொம்பு என்று வகை உண்டு. ஓஹிதாஷிக்குச் சாறு தெளிவாக இருக்க வேண்டும், ரிஷிரி அல்லது மா-கொம்பு வாங்குங்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை இல்லை, மன்னிட்டால் என்ற இனிப்புப் பொருள். கழுவாதீர்கள், ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றினால் போதும்.

அரை லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் கொம்பு. ஒரு பாட்டிலில் போட்டு இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் தாஷி தயார், அடுப்பே வேண்டாம். அவசரமென்றால் அரை மணி ஊறவைத்துச் சிறு தீயில் ஏற்றி, பாத்திர ஓரத்தில் குமிழ் அரும்பத் தொடங்கும்போது கொம்புவை எடுத்துவிடுங்கள். கொதிக்க விட்டால் வழவழப்பும் பாசி வாடையும் இறங்கிவிடும். ஜப்பானின் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், அதில் கொம்புவின் சுவை எளிதாக இறங்கும். விடுமுறைக்குப் போகும்போது கொம்பு எடுத்துப்போய் ஊரில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் செய்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். வடிகட்டிய குடிநீரில் செய்யுங்கள்.

இப்படி வெறும் பாசி ஊறிய தண்ணீரில் என்ன சுவை என்று கேட்டு ஆராய்ந்தவர் டோக்கியோ பேராசிரியர் இகெதா கிகுனாயே. 1908இல் கொம்புவிலிருந்து குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, இந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்று கண்டார். பிறகு 1950களில் குனினாகா அகிரா காட்டிய விஷயம்தான் உங்களுக்குப் பயன்படப் போகிறது: ஷீதாகே காளானில் குவானிலேட் இருக்கிறது, குளூட்டாமேட்டோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறும். அலுவலகச் சாற்றில் நீங்கள் உணர்ந்த கனம் கொம்புவும் மீனும் சேர்ந்த பெருக்கல். மடத்துச் சமையலில் மீனின் இடத்தில் காளான் நிற்கிறது. கொம்பு ஊறும் பாட்டிலிலேயே ஒரே ஒரு உலர்ந்த ஷீதாகேயைப் போடுங்கள், காலையில் லேசாகச் சூடாக்குங்கள். இரண்டு போட்டால் சாறு கறுத்து, கீரை காளான் வாசம் அடிக்கும். மீன் தாஷியின் புகை வாசம் இதில் வராது, அதை வருமென்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். கீரையின் வாசம் மேலே தெரிவது இந்தத் தாஷியில்தான், எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

பொட்டலத் தாஷித் தூளில் கவனம் தேவை. உறையில் கொம்பு படம் போட்டிருக்கும், உட்பொருள் பட்டியலில் கட்சுவோ சாறு ஒளிந்திருக்கும். மென்ட்சுயு, ஷிரோதாஷி என்று தயாராகக் கலந்து விற்கும் சாற்றுப் பாட்டில்களும் அநேகமாக அப்படித்தான்.

தாஷி 200 மில்லி, உசுகுச்சி ஷோயு ஒரு மேசைக்கரண்டி, மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மது ஒரு மேசைக்கரண்டி. மூன்றையும் சேர்த்து ஒரு கொதி விட்டு முழுவதும் ஆறவையுங்கள். மிரினில் ஏறக்குறைய 14 சதவீதம் மதுச்சத்து உண்டு, கொதியில் அதன் காரம் போகும். சுத்தமாக வேண்டாமென்றால் மிரினை விட்டுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரை போடுங்கள். உசுகுச்சி என்றால் வெளிர் நிறம். ஹியோகோ மாநிலத்துத் தாட்சுனோ நகரத்தின் பெயரோடு ஒட்டியது. நிறம் வெளிறியிருப்பதால் உப்பும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், வழக்கமான கொய்குச்சியைவிட இதில்தான் உப்பு கூடுதல். கொய்குச்சி ஊற்றினால் சாறு காப்பி நிறமாகும், அவ்வளவுதான்.

ஆறிய சாற்றில் கீரையை முங்கவிட்டு ஒரு மணி நேரம் குளிரில் வையுங்கள். சூடான சாற்றில் போட்டால் பச்சை போய்விடும், இவ்வளவு பாடுபட்டது வீண். பரிமாறும்போது மறுபடி லேசாக அழுத்தி எடுத்து, சிறு கிண்ணத்தின் நடுவில் குன்றாகக் குவித்து, மேலே ஒரு கரண்டி சாறு. நம் பொரியல் போல் கிண்ணத்தை நிரப்ப வேண்டாம். ஆளுக்கு ஐம்பது, அறுபது கிராம்தான் கணக்கு. கட்சுவோபுஷி தூவும் இடத்தில் நீங்கள் பொடித்த எள்ளையோ, நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளைக் கிழித்தோ தூவலாம்.

எள் என்றதும் கோமாயே நினைவுக்கு வருகிறது. ஓஹிதாஷி சலித்த நாளில் அதே கீரையை, ஷோயு-அராய் வரை அப்படியே செய்து, எள்ளில் பிரட்டினால் கோமாயே. மூன்று மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வெறும் வாணலியில் மிதமாக வறுங்கள். பாக்கெட்டில் 'வறுத்தது' என்று எழுதியிருந்தாலும் இன்னொரு முறை வறுங்கள். இரண்டு மூன்று எள் பொரிந்து துள்ளியதும் இறக்கிச் சூட்டோடு சுரிபாச்சியில் அரையுங்கள். அது உட்புறம் சீப்புப் பல் போல் கீறல் ஓடிய மண் கலயம். மரக்குழவியின் பெயர் சுரிகோகி. பாதி பொடியாக, பாதி குருணையாக நிற்கும்போது நிறுத்திவிடுங்கள், எண்ணெய் விட்டுக்கொண்டால் சட்னியாகிவிடும். சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, ஷோயு இரண்டு தேக்கரண்டி. மிக்ஸியில் போட்டால் ஆகாதா என்றால் ஆகும், ஒரே ஒரு சுற்று. 'எள் அரைப்பது' என்றால் ஜப்பானிய மொழியில் காக்காய் பிடிப்பது. அரைபடும் எள் கலயத்தின் எல்லாப் பக்கமும் போய் ஒட்டிக்கொள்வதால் வந்த வழக்கு என்கிறார்கள். இதற்கும் தண்ணீர்தான் எதிரி. எள்ளில் பிரட்டி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் குழம்பிப் போயிருக்கும், உண்ணும் நேரத்தில் பிரட்டுங்கள்.

ஹோரென்சோ விலை ஏறிய நாளில் கொமாட்சுனா வாங்குங்கள். அதில் அக்கு மிகக் குறைவு, குளிர்நீரில் ஊறவைக்கும் வேலை கிடையாது, தண்டும் மொறுமொறுவென்று இருக்கும். கோடையில் ட்சுருமுராசாகி என்ற பெயரில் வருவது வேறெதுவும் இல்லை, நம் கொடிப்பசலைதான். ஓஹிதாஷிக்கு அருமையாக வரும், அதன் வழவழப்பை இங்கே ரசித்துச் சாப்பிடுகிறார்கள். வெண்டைக்காயும் அப்படியே. முழுதாக ஒரு நிமிடம் வேகவைத்து நேரே தாஷியில் போட்டுவிடலாம், பிழிவது என்ற பேச்சே இல்லை. உங்கள் கை பழகும் வரை வெண்டைக்காயிலேயே தொடங்கினாலும் சரி.

ஊறிய ஓஹிதாஷி குளிரில் இரண்டு நாள் நிற்கும். இரண்டாம் நாள் நிறம் சற்று மங்கும், சுவைக்குக் குறையில்லை. தாஷி எடுத்த கொம்புவை எறியாமல் மெல்லிய இழையாக நறுக்கி ஷோயு, சர்க்கரை, கொஞ்சம் எள் சேர்த்துச் சுண்டவைத்தால் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். அலுவலகத்துக்கு மதிய டப்பாவில் கீரை எடுத்துப் போவதானால் ஓஹிதாஷி வேண்டாம், கோமாயே வையுங்கள். நேரம் போனால் அதுவும் தண்ணீர் விடும் என்பதால், வைக்கும் முன் டப்பாவின் அடியில் ஒரு தேக்கரண்டி அரைத்த எள்ளைப் பரப்பிவிடுங்கள். மதியம் திறக்கும்போது அந்த எள் நனைந்திருக்கும், பக்கத்துச் சோறு நனைந்திருக்காது.